ஐசோக்ரான் செப்டர்: நகல் 'காஸ்ட்' ஆகிறதா, இல்லையா?

புதுச்சீட்டு

வணக்கம் நண்பர்களே. நான் மேஜிக் (Magic: The Gathering) கார்டு ஆட்டம் ஆட ஆரம்பித்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன வாரம் ஒரே ஆட்டத்தில், ஒரே கார்டால், இரண்டு தடவை வாக்குவாதம் வந்தது. இரண்டு தடவையும் நான்தான் விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்தது சரியா என்று தெரிந்தால் தூக்கமாவது வரும்.

என் பக்கம் ஐசோக்ரான் செப்டர் என்ற ஆர்ட்டிஃபாக்ட் (பொருள் வகைக் கார்டு), அதில் இம்ப்ரின்ட் ஆகியிருந்தது (அதாவது அதோடு சேர்த்து ஒதுக்கி வைத்திருந்தது) 3 டேமேஜ் அடிக்கும் லைட்னிங் ஹீலிக்ஸ். கூடவே மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் என்ற ஒரு கிரீச்சர். அதற்கு ப்ரோவெஸ் உண்டு: கிரீச்சர் அல்லாத ஸ்பெல்லை நான் காஸ்ட் செய்தால் (அதாவது போட்டால்) அந்த டர்னுக்கு +1/+1 ஏறும். எதிராளிக்கு 5 லைஃப், பிளாக் செய்ய ஆள் இல்லை. ஸ்விஃப்ட்ஸ்பியரை அட்டாக்குக்கு அனுப்பிவிட்டு, 2 மேனா (கார்டுகளை ஓட்டக் கொடுக்கும் விலை) கொடுத்து செப்டரை டேப் செய்தேன் (சாய்த்து ஓட்டினேன்). ஹீலிக்ஸுக்கு 3, ப்ரோவெஸ் ஏறிய ஸ்விஃப்ட்ஸ்பியருக்கு 2, ஆக 5. ஆட்டம் முடிந்தது என்று கை குலுக்கப் போனால், "அது வெறும் நகல், நீ எதையும் காஸ்ட் செய்யவில்லையே, ப்ரோவெஸ் ஏறாது" என்றார். பகடை உருட்டினோம். பகடையும் அவர் பக்கம். 1 லைஃபோடு தப்பித்துவிட்டார்.

அடுத்த டர்னில் அவர் ஒரு பெரிய பிளாக்கரை இறக்கியிருந்தார். பரவாயில்லை, செப்டர் இருக்கிறதே என்று மறுபடி டேப் செய்தேன். அவர் ரெஸ்பான்ஸில் (அது நடந்து முடிவதற்குள்) அப்ரேட் என்ற கார்டைப் போட்டு செப்டரை உடைத்தார். "செப்டரே போய்விட்டது, ஹீலிக்ஸ் எங்கிருந்து வரும்?" கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது. நாலு டர்ன் கழித்துத் தோற்றேன்.

இதில் எது சரி?

தீவுக்காரன்

இரண்டிலும் நீங்கள்தான் சரி. ஜெயித்த ஆட்டத்தை இரண்டு முறை கையிலிருந்து நழுவ விட்டிருக்கிறீர்கள்.

கார்டில் இருப்பதை வரி வரியாகப் படியுங்கள். முதல் பாதி: செப்டர் உள்ளே வரும்போது, கையிலிருந்து மேனா மதிப்பு 2 அல்லது அதற்குக் கீழே உள்ள ஓர் இன்ஸ்டன்ட் கார்டை (எந்த நேரத்திலும் போடக்கூடியது) எக்ஸைல் செய்யலாம், அதாவது ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கி வைக்கலாம். இரண்டாம் பாதி: 2 மேனா கொடுத்து டேப் செய்தால், எக்ஸைலில் உள்ள அந்தக் கார்டை நகலெடுக்கலாம், எடுத்தால், அந்த நகலை மேனா கொடுக்காமல் காஸ்ட் செய்யலாம். 'காஸ்ட்' என்ற சொல் கார்டிலேயே அச்சாகியிருக்கிறது. ப்ரோவெஸுக்கு வேண்டியது கிரீச்சர் அல்லாத ஒரு ஸ்பெல்லை நீங்கள் காஸ்ட் செய்வது. கையிலிருந்துதான் வர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

உங்கள் எதிராளி குழம்பியதற்குக் காரணம் இருக்கிறது. 1993-இல் முதல் செட்டிலேயே வந்த ஃபோர்க், பின்னால் வந்த ட்வின்காஸ்ட், மிராரி எல்லாம் ஸ்டாக்கில் (ஸ்பெல்லும் அபிலிட்டியும் நடக்கக் காத்திருக்கும் அடுக்கில்) ஏற்கெனவே இருக்கும் ஸ்பெல்லை நகலெடுப்பவை. அந்த நகல் நேராக ஸ்டாக்கிலேயே பிறக்கிறது, யாரும் அதைக் காஸ்ட் செய்வதில்லை. அங்கே ப்ரோவெஸ் ஏறாது, ஸ்டார்ம் எண்ணிக்கையும் (அந்த டர்னில் காஸ்ட் ஆன ஸ்பெல்களின் கணக்கும்) கூடாது. செப்டர் நகலெடுப்பது ஸ்பெல்லை அல்ல, கார்டை. நகல் எக்ஸைலில் பிறக்கிறது, அங்கிருந்து காஸ்ட் ஆகி ஸ்டாக்குக்கு வருகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் செப்டர் பற்றிய கேள்விகளில் முக்கால்வாசிக்குப் பதில் தானாக வந்துவிடும்.

உங்கள் முதல் டர்னில் நடந்திருக்க வேண்டியது இது. 2 மேனா கொடுத்து டேப் செய்கிறீர்கள். அபிலிட்டி ஸ்டாக்கில் ஏறுகிறது. இந்த நேரத்தில் ஹீலிக்ஸ் எங்கும் இல்லை. இருவரும் பாஸ் செய்தால் அபிலிட்டி ரிசால்வ் ஆக (அதாவது நடக்க) ஆரம்பிக்கிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நகலை எடுத்து, டார்கெட் சொல்லி, காஸ்ட் செய்கிறீர்கள். அபிலிட்டி முடிகிறது. இப்போது ஸ்டாக்கில் ஹீலிக்ஸ், அதற்கு மேல் ப்ரோவெஸ் ட்ரிகர் (தானாக எழும் அபிலிட்டி). மேலே இருப்பது முதலில், ஆகவே ஸ்விஃப்ட்ஸ்பியர் 2/3 ஆகிறது, அப்புறம்தான் ஹீலிக்ஸ் 3 அடிக்கிறது. எதிராளி காலி.

மூன்றாம்_டர்ன்

தீவுக்காரர் சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், நானே பல நாள் தப்பாக ஆடியது. டார்கெட் சொல்வது நகலைக் காஸ்ட் செய்யும்போது. செப்டரை டேப் செய்யும்போது அல்ல.

நான் பழக்கதோஷத்தில் செப்டரைச் சாய்க்கும்போதே "உன் தேவதைக்கு ஹீலிக்ஸ்" என்று வாயைத் திறந்துவிடுவேன். எதிராளி அபிலிட்டி ஸ்டாக்கில் இருக்கும்போதே வேண்டியதைச் செய்துகொள்வார், எனக்கும் அது உறைக்காது. சரியான முறை: டேப் செய்து, "அபிலிட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். அவர் இரண்டு கிரீச்சரில் எதைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் ஒன்றுக்கு ஹெக்ஸ்ப்ரூஃப் (எதிராளி டார்கெட் செய்ய முடியாத காப்பு) கொடுத்தால், நீங்கள் மற்றதை அடிக்கலாம். அவர் பாஸ் செய்தால் அப்புறம் டார்கெட் சொல்லுங்கள். அதன் பிறகும் அவர் நகலுக்கு ரெஸ்பாண்ட் செய்யலாம்தான், ஆனால் முதல் சுற்றில் அவர் இருட்டில் ஆடுகிறார்.

பொரோஸ் சார்ம் மாதிரி மூன்று மோடு (தேர்ந்தெடுக்கும் பலன்) உள்ள கார்டுக்கும் இதேதான். ஒவ்வொரு தடவையும் புதிதாக மோடு தேர்ந்தெடுக்கலாம், அதுவும் கடைசி நொடியில்.

புதுச்சீட்டு

மிக்க நன்றி! முதலாவது புரிந்தது. இரண்டாவதுதான் இன்னும் மண்டையில் ஏறவில்லை. செப்டர் உடைந்து கிரேவ்யார்டுக்கு (கழிந்த கார்டுகளின் குவியலுக்கு) போய்விட்டால் அதில் இம்ப்ரின்ட் ஆன கார்டு என்று ஒன்று ஏது?

தீவுக்காரன்

அம்பு வில்லை விட்டுப் போன பிறகு வில்லை உடைத்து என்ன பயன்? ஸ்டாக்கில் ஏறிய அபிலிட்டிக்குத் தாய்க் கார்டின் தயவு வேண்டாம். ஹீலிக்ஸ் எக்ஸைலிலேயே இருக்கிறது. செப்டர் கடைசியாக எப்படி இருந்ததோ அதை வைத்து, எந்தக் கார்டு என்று ஆட்டம் கண்டுபிடித்துக்கொள்ளும். நகல் எடுக்கலாம், காஸ்ட் செய்யலாம். 1 லைஃபில் இருந்தவர் அங்கேயே முடிந்தார்.

அப்ரேட் போட்டதால் அவருக்குக் கிடைப்பது, அதற்கு அடுத்த தடவை செப்டர் இல்லை என்பது மட்டும். எக்ஸைலான ஹீலிக்ஸ் திரும்பவும் வராது, அது அங்கேயே கிடக்கும்.

பழைய_பெட்டி

செப்டரை உடைக்க நல்ல நேரம் எது என்று யாரும் சொல்லவில்லையே.

இம்ப்ரின்ட் ஒரு ட்ரிகர். செப்டர் ரிசால்வ் ஆகி உள்ளே வந்ததும் அந்த ட்ரிகர் ஸ்டாக்கில் நிற்கும். எந்தக் கார்டை எக்ஸைல் செய்வது என்று அப்போது சொல்லத் தேவையில்லை, ட்ரிகர் ரிசால்வ் ஆகும்போதுதான் முடிவு. பதற்றக்காரர்கள் அந்த இடைவெளியிலேயே செப்டரை உடைப்பார்கள். உடைத்தால்? செப்டர்காரர் "எக்ஸைல் செய்யவில்லை" என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் கார்டை அப்படியே வைத்துக்கொள்வார். ஒன்றுக்கு ஒன்று.

பொறுமைக்காரர்கள் இம்ப்ரின்ட் முடியும்வரை காத்திருப்பார்கள். அப்புறம் உடைத்தால் செப்டரும் போச்சு, உள்ளே இருந்த கார்டும் போச்சு. அவர் செலவழித்தது ஒரே கார்டு.

என் கதை: இரண்டாவது டர்ன், இருப்பதே 2 லேண்ட், ஆசை ஆசையாகச் செப்டரை இறக்கி, கையில் இருந்ததிலேயே நல்ல கார்டான கவுன்டர்ஸ்பெல்லை அதில் வைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரித்துக்கொண்டே ட்ரிகர் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார், முடிந்ததும் உடைத்தார். ஐந்து கார்டோடு அவர் எதிரே அந்த ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து 4 மேனா இல்லாமல் செப்டரை இறக்குவதே இல்லை. 2 செப்டருக்கு, 2 அதை ஓட்டுவதற்கு. ஆர்ட்டிஃபாக்ட்டுக்கு வந்த டர்னிலேயே டேப் ஆக முடியாத தடை கிடையாது. என் டர்னில் இம்ப்ரின்ட் முடிந்ததும் ப்ரையாரிட்டி (செயல்படும் உரிமை) முதலில் எனக்குத்தான் வரும். அவர் உடைப்பதற்குள் டேப் செய்துவிட்டால் ஒரு தடவையாவது பலன் கிடைக்கும். கவுன்டர்ஸ்பெல் வைத்தால் இந்த வசதி இல்லை, அதற்கு எதிராளி ஏதாவது காஸ்ட் செய்ய வேண்டும். ஹீலிக்ஸுக்கு அந்தக் கவலை இல்லை.

நிழல்குதிரை

இவ்வளவு பேசிவிட்டு சான்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லையா? செப்டர் என்றாலே ஓரிம்ஸ் சான்ட்தான். சான்ட் 2001-இல் பிளேன்ஷிஃப்ட் செட்டில் வந்தது, செப்டர் 2003-இல் மிரோடினில். இரண்டும் சேர்ந்ததும் எதிராளிகள் நாற்காலியை விட்டு எழுந்து போக ஆரம்பித்தார்கள்.

ஒரு வெள்ளை மேனா: டார்கெட் ஆட்டக்காரர் இந்த டர்ன் ஸ்பெல் காஸ்ட் செய்ய முடியாது. கிக்கருக்கு (விரும்பினால் கட்டும் கூடுதல் செலவுக்கு) இன்னொரு வெள்ளை மேனா கொடுத்தால் கிரீச்சர்களும் அட்டாக் செய்ய முடியாது. அவருடைய ஒவ்வொரு அப்கீப்பிலும் (டர்னின் தொடக்கத்தில்) செப்டரை டேப் செய்து, கிக்கரும் கட்டினால், அவர் லேண்ட் இறக்கலாம், அபிலிட்டிகளை ஓட்டலாம், மற்றபடி என்னை வேடிக்கை பார்க்கலாம்.

மூன்றாம்_டர்ன்

கிக்கருக்குத் தனியாக எதற்கு மேனா? நகலை இலவசமாகத்தானே காஸ்ட் செய்கிறோம்?

நிழல்குதிரை

இலவசம் கார்டின் மேனா செலவுக்கு மட்டும். கிக்கர் கூடுதல் செலவு. வேண்டுமானால் மேனா கட்டிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். ஆகச் சான்ட் லாக்குக்கு டர்னுக்கு 3 மேனா.

ஓவர்லோடு மாதிரி மாற்றுச் செலவை மட்டும் பயன்படுத்த முடியாது. இலவசமாகக் காஸ்ட் செய்வதே ஒரு மாற்று வழி, ஒரே நேரத்தில் இரண்டு வழியில் போக முடியாது. சைக்ளானிக் ரிஃப்ட்டைச் செப்டரில் வைக்கலாம், ஆனால் ஒரு பெர்மனென்ட்டைத்தான் (மேசையில் நிற்கும் கார்டைத்தான்) கைக்குத் திருப்பும், மொத்த மேசையையும் அல்ல. மேனா செலவில் எக்ஸ் இருந்தால் எக்ஸ் 0.

அரைக்கண்

எங்கள் குழுவில் இந்தக் கார்டுக்குப் பெயரே செங்கோல்தான். "செங்கோலை இறக்கிட்டான்" என்று யாராவது சொன்னால் மற்ற மூன்று பேரும் கையைப் புரட்டி ஆர்ட்டிஃபாக்ட் உடைக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடுவோம். பெயர் செங்கோல், ஆட்சி மட்டும் கொடுங்கோல்.

நாலு பேர் ஆட்டத்தில் சான்ட் ஒருவரைத்தான் பூட்டும். அங்கே சைலன்ஸ் என்ற கார்டே மேலானது, எல்லா எதிராளிகளையும் அடைக்கும். ஆனால் இரண்டிலும் ஓட்டை ஒன்றுதான். அது ரிசால்வ் ஆவதற்கு முன்னால், ரெஸ்பான்ஸில், கையில் இருக்கும் இன்ஸ்டன்ட்டைப் போட்டுவிடலாம். அப்கீப்பில் பூட்டு விழுகிறதே என்று கார்டைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

கணக்குப்புலி

சான்ட் எல்லாம் பழைய கதை. கமாண்டரில் (பலர் சேர்ந்து ஆடும் ஆட்ட வகையில்) இப்போது செப்டர் என்றால் டிராமாடிக் ரிவர்சல். 2016-இல் கலாதேஷில் வந்தது, 2 மேனா இன்ஸ்டன்ட்: உங்களுடைய லேண்ட் அல்லாத பெர்மனென்ட்கள் எல்லாம் அன்டேப் ஆகும்.

கணக்கைப் பாருங்கள். மேசையில் மேனா தரும் சோல் ரிங், ஆர்கேன் சிக்னெட், கூடவே ரிவர்சல் வைத்த செப்டர். சோல் ரிங்கிலிருந்து நிறமில்லாத 2, சிக்னெட்டிலிருந்து நீலம் 1. கையில் 3. சோல் ரிங் மேனா இரண்டையும் செப்டருக்குக் கொடுத்து டேப் செய்தால் ரிவர்சல் நகல் ரிசால்வ் ஆகி ரிங், சிக்னெட், செப்டர் மூன்றும் நிமிர்ந்துவிடும். மிச்சம் 1 நீலம். மறுபடி அதே. மறுபடி மிச்சம் 2 நீலம். நூறு தடவை சுற்றினால் நூறு நீலம். உண்மையிலேயே நூறு தடவை சுற்ற வேண்டாம், "இத்தனை தடவை" என்று எண் சொன்னால் போதும்.

சோல் ரிங் மட்டும் இருந்தால்? 2 வருகிறது, 2 போகிறது. மேனா சேராது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஸ்பெல் காஸ்ட் ஆகிறது. ஸ்டார்ம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். புதுச்சீட்டு, உங்கள் ஸ்விஃப்ட்ஸ்பியர் மேசையில் இருந்தால் அதுவும் ஒவ்வொரு சுற்றுக்கும் +1/+1 ஏறி மலை மாதிரி நிற்கும். தலைப்பில் இருக்கும் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. நகல் காஸ்ட் ஆகாமல் இருந்தால் இந்த வேடிக்கை எதுவும் நடக்காது.

லேண்ட் அன்டேப் ஆகாது என்பதை மறந்து, லேண்டையும் சேர்த்து 3 கணக்குப் போட்டு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேனா சேர்ந்த பிறகு அதைக் கொட்ட ஓர் இடமும் வேண்டும். த்ராசியோஸ் கமாண்டராக (டெக்கின் தலைமைக் கார்டாக) இருந்தால் 4 மேனாவுக்கு ஒரு கார்டு என்று டெக்கையே வழித்து எடுக்கலாம். அதே ஃபேஸுக்குள் முடித்துவிடுங்கள், தாண்டினால் சேர்த்த மேனா காற்றோடு போகும்.

அரைக்கண்

இந்தச் சுற்றை நடுவில் நிறுத்த எது நல்லது? நான் ஒரு தடவை கவுன்டர்ஸ்பெல்லைச் செப்டரின் அபிலிட்டி மேல் போடப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார்கள்.

தீவுக்காரன்

முடியாதுதான். கவுன்டர்ஸ்பெல் ஸ்பெல்லைத்தான் தடுக்கும். அபிலிட்டிக்கு ஸ்டைஃபில் மாதிரி ஏதாவது வேண்டும். ஆனால் கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும். அபிலிட்டி ரிசால்வ் ஆனதும் ரிவர்சல் நகல் ஸ்டாக்கில் வந்து நிற்கும். அது சாதாரண ஸ்பெல், அதைத் தடுங்கள். செப்டர் டேப் ஆனபடியே கிடக்கும், அந்த டர்னுக்குச் சுற்று நின்றது.

பழைய_பெட்டி

தடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நல் ராட், ஸ்டோனி சைலன்ஸ் இரண்டும் ஆர்ட்டிஃபாக்ட் அபிலிட்டிகளையே அடைத்துவிடும், செப்டரும் போச்சு, சோல் ரிங்கும் போச்சு. டிரானித் மேஜிஸ்ட்ரேட் வேறு வழியில் அடிக்கும்: எதிராளிகள் கையைத் தவிர வேறு எங்கிருந்தும் காஸ்ட் செய்யக் கூடாது என்கிறது. செப்டர் நகல் எக்ஸைலிலிருந்து காஸ்ட் ஆவதால் மாட்டிக்கொள்ளும். ரீபவுண்ட் (அடுத்த டர்னில் மறுபடி காஸ்ட் செய்ய விடுவது) உள்ள கார்டைச் செப்டரில் வைத்தால் ரீபவுண்ட் வேலை செய்யாததற்கும் அதுவே காரணம், அது கையிலிருந்து காஸ்ட் ஆனதா என்று பார்க்கும்.

கணக்குப்புலி

எதிராளியிடம் டெஃபெரி, டைம் ரேவலர் இருந்தால்? "எதிராளிகள் சார்சரி நேரத்தில் மட்டும்தான் காஸ்ட் செய்யலாம்" என்பது. என் டர்னில், மெயின் ஃபேஸில், ஸ்டாக் காலியாக இருக்கும்போது செப்டரை டேப் செய்தால் அது சார்சரி நேரம்தானே? நகலைக் காஸ்ட் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

தீவுக்காரன்

செய்ய முடியாது. டேப் செய்தபோது ஸ்டாக் காலி, சரி. ஆனால் நகலைக் காஸ்ட் செய்யும்போது? செப்டரின் அபிலிட்டி ரிசால்வ் ஆகிக்கொண்டே ஸ்டாக்கில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு சார்சரியைப் போட முடியுமா? முடியாது. செப்டர் தாண்டிப் போகும் நேரக் கட்டுப்பாடு அந்தக் கார்டு வகைக்கே உள்ளது மட்டும். வேறு கார்டு போட்ட தடை அப்படியே நிற்கும். கேஸ்கேடும் (ஒரு ஸ்பெல்லோடு இன்னொன்றை இலவசமாகக் காஸ்ட் செய்ய விடும் அபிலிட்டி) டெஃபெரியிடம் இதே காரணத்தால்தான் மாட்டும்.

கணக்குப்புலி

அடடா. அப்படியானால் போன மாதம் நான் ஜெயித்த ஓர் ஆட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவரிடம் சொல்லப் போவதில்லை.

மூன்றாம்_டர்ன்

இன்னொரு சந்தேகம். சாலிஸ் ஆஃப் த வாய்டில் (அதில் வைத்த எண்ணே மேனா மதிப்பாக உள்ள ஸ்பெல்லைத் தடுப்பது) எதிராளி 0 வைத்திருந்தால்? நகலுக்கு மேனாவே கொடுக்கவில்லையே.

தீவுக்காரன்

கொடுத்தது 0, மதிப்பு 0 அல்ல. ஹீலிக்ஸ் நகலின் மேனா மதிப்பு எப்போதும் 2. சாலிஸ் 0-இல் இருந்தால் தப்பும், 2-இல் இருந்தால் ஒவ்வொரு தடவையும் அடிபடும்.

பழைய_பெட்டி

மேனா மதிப்பு என்றதும் பழைய காயம் வலிக்கிறது. ஃபயர் // ஐஸ், இரண்டு பாதியாக அச்சான ஸ்ப்ளிட் கார்டு. ஒரு காலத்தில் செப்டரில் வைக்க அதைவிட இனிமையான கார்டு கிடையாது. இரண்டு பாதியும் 2 மேனா. ஒரு டர்ன் ஃபயரில் 2 டேமேஜைப் பிரித்து இரண்டு குட்டிகளைக் கொல்லலாம், அடுத்த டர்ன் ஐஸில் ஒரு பெர்மனென்ட்டை டேப் செய்து ஒரு கார்டும் எடுக்கலாம். அப்போதெல்லாம் ஒரு பாதியின் மதிப்பு பொருந்தினால் போதும். 2017-இல் அமோன்கெட்டோடு விதியை மாற்றினார்கள்: ஸ்டாக்குக்கு வெளியே ஸ்ப்ளிட் கார்டின் மதிப்பு இரண்டு பாதியின் கூட்டுத்தொகை. 2-உம் 2-உம் 4, செப்டருக்குள் நுழையாது. புது ஆட்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று மாற்றியது, நியாயம்தான். ஆனாலும் நான் நாலு ஃபயர் // ஐஸையும் இன்னும் அதே டெக் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன்.

நிழல்குதிரை

அட்வென்சர் கார்டு வைக்கலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: பிரேசன் பாரோவர் மாதிரி ஒரு பாதி இன்ஸ்டன்ட்டாக இருந்தாலும், கையில் இருக்கும்போது அது கிரீச்சர் கார்டு மட்டுமே. நுழையாது.

அரைக்கண்

பேனாப்டிக் மிரரையும் சேர்த்துப் பேசலாமே. அதே மிரோடின் செட், செப்டரின் பணக்கார அண்ணன். 5 மேனா. எவ்வளவு பெரிய இன்ஸ்டன்ட்டும் சார்சரியும் வைக்கலாம், அதற்குரிய மேனாவைக் கட்டினால் போதும், அப்புறம் ஒவ்வொரு அப்கீப்பிலும் நகல் இலவசம். டைம் வார்ப் வைத்தால் எதிராளிக்கு டர்னே வராது. கமாண்டரில் ரொம்ப நாள் தடையில் இருந்தது, 2025-இல் எடுத்துவிட்டார்கள்.

பழைய_பெட்டி

எடுத்தாலும் எனக்குச் செப்டர்தான். மிரர் வேலை செய்ய அடுத்த அப்கீப்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் மூன்று பேருக்கு அதை உடைக்க நேரம் கிடைக்கிறது. ஸ்னாப்காஸ்டர் மேஜ் ஒரு தடவை திருப்பிக் காஸ்ட் செய்ய விடும், அவ்வளவுதான். செப்டர் 2 மேனா, எந்த டர்னிலும் எந்த நேரத்திலும் ஓட்டலாம். இதை அன்காமனாக (அபூர்வ ரகம் அல்லாமல்) அச்சடித்த ஆளைப் பார்த்தால் கையைப் பிடித்துக் கும்பிடுவேன்.

புதுச்சீட்டு

எல்லோருக்கும் நன்றி. தீவுக்காரர் எழுதியதை என் எதிராளியிடம் காட்டினேன். கார்டை வாங்கி இரண்டு தடவை படித்தார், "காஸ்ட்னுதான் போட்டிருக்கு" என்று ஒத்துக்கொண்டார். அந்த ஆட்டம் எனக்கு என்றும் சொல்லிவிட்டார்.

இன்று மறுபடி ஆடினோம். 4 மேனா வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு செப்டரைக் கையிலேயே வைத்திருந்தேன். இறக்கலாம் என்று எடுத்த டர்னுக்கு முந்தின டர்னில் அவர் ஸ்டோனி சைலன்ஸ் இறக்கினார். இந்த இழையை முழுக்கப் படித்திருக்கிறார் போல.